ஓர்லாவின் பெயர் எழுதிய சட்டை

அந்தச் சட்டை எனக்குக் கச்சிதமாக இருந்தது. பெட்டி வந்த அன்று அதற்காக எல்லோரும் சந்தோசப்பட்டோம். பயந்திருக்க வேண்டியதே அதற்குத்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அம்மா வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. அவள் போகும்போது எனக்கு ஆறு வயது. முன்பல் விழுந்த, இடுப்பில் தூக்கிக்கொண்டு நடக்கக்கூடிய பிள்ளையாக என்னை விட்டுப் போனாள். அதன் பிறகு நான் எவ்வளவு வளர்ந்தேன், பாதம் எவ்வளவு நீண்டது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிய வழியில்லை. மாதத்துக்கு ஒரு தடவை போனில் வருவாள். இறக்குவானைக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். அம்மாவின் முகம் கட்டம் கட்டமாக உடையும், ஒட்டும், மறுபடி உடையும். அதை வைத்துக்கொண்டு யாரும் யாருக்கும் அளவெடுக்க முடியாது.

பெட்டியைக் கொண்டுவந்தவள் கொடகவெலைப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த பெண். அம்மா வேலை செய்த அதே கட்டடத்தில் மேல் மாடி வீடொன்றில் அவளும் வேலை செய்தாள். லீவில் வந்திருந்தாள். அப்பா பஸ்ஸில் போய்ப் பெட்டியை வாங்கி, இறக்குவானையிலிருந்து தோளில் வைத்து மேலே ஏற்றிக்கொண்டு வந்தார். சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, கத்தியால் டேப்பை வெட்டித் திறந்தாள். உள்ளே இரண்டு கவுன், ஒரு புத்தகப் பை, ஒரு சோடி சப்பாத்து, பச்சைக் கம்பளித் தொப்பி ஒன்று, கரும்பச்சை நிறத்தில் ஒரு பந்து விளையாட்டுச் சட்டை. சட்டையின் முதுகில் பெரிய எட்டு. அதற்கு மேலே நாலு ஆங்கில எழுத்து. நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். ஓர்லா.

கம்பனிப் பெயராக இருக்கும் என்றார் அப்பா.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நின்றேன். அப்பா குனிந்து நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். இடைவெளியே இல்லை, இறுக்கமும் இல்லை. நான் மட்டும் இன்னொன்றைக் கவனித்தேன். உள்ளே ஐந்து சின்னப் பள்ளங்கள் இருந்தன. யாருடைய விரல்களோ நடந்து நடந்து ஏற்படுத்திய பள்ளங்கள். என் விரல்கள் ஒவ்வொன்றும் தன் தன் பள்ளத்தில் போய் உட்கார்ந்துகொண்டன.

அடுத்த வாரமே அம்மா போன் எடுத்தாள். மாதம் முடியவில்லை. அதனாலேயே அப்பா பயந்துபோனார். ஆனால் அம்மா சட்டையைப் பற்றித்தான் பேசினாள். அது அந்த வீட்டுப் பிள்ளையின் சட்டை, அந்தப் பிள்ளை படிக்கத் தன் நாட்டுக்குப் போய்விட்டது என்றாள். வீட்டுக்காரர்கள் அயர்லாந்து ஆட்கள்.

"ஆனா அவங்க டீமு அவங்க நாட்டு டீமு இல்ல பாப்பா. கடலுக்கு அந்தப் பக்கம் வேறொரு ஊரு டீமு. மேடத்தோட தாத்தா காலத்துலேருந்து அதுக்குத்தான் உயிர விடுறாங்க."

எனக்கு அது விசித்திரமாகப் படவில்லை. அப்பா சிரித்துவிட்டு, நம்மளப் போலத்தான் என்றார்.

எங்கள் வீட்டில் பக்கம் எடுப்பது சத்தமில்லாமல் நடக்கும் காரியம். இந்தியாவும் இலங்கையும் கிரிக்கெட் விளையாடும் நாளில் பஸ் கொண்டக்டர் சில்லறை கொடுத்துக்கொண்டே அப்பாவிடம், "ஒயா காகே பெத்தெத?" என்று கேட்பார், நீ யார் பக்கம் என்று. சிரித்துக்கொண்டுதான் கேட்பார். அப்பாவும் சிரித்துக்கொண்டே, "லங்காவ தமா", இலங்கைதான், என்பார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, டீவியின் சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டுப் பார்ப்பார். இந்தியாக்காரன் நாலு அடித்தால் முழங்காலைத் தடவிக்கொள்வார். அவ்வளவுதான். இந்தியாவை அவர் பார்த்ததில்லை. அவருடைய அப்பாவும் பார்த்ததில்லை. ஏன் அந்தப் பக்கம் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, அது அப்படித்தான் என்றார்.

அம்மா கேட்டது இதுதான். ஆட்டம் இருக்கும் சனிக்கிழமைகளில் நான் அந்தச் சட்டையையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு போனுக்கு முன்னால் உட்கார வேண்டும். முகத்தைக் காட்ட வேண்டியதில்லை. போனுக்கு முதுகைக் காட்டி உட்கார வேண்டும். அந்தப் பிள்ளை டீவிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துதான் மேட்ச் பார்க்குமாம், மேடம் பின்னால் சோபாவில் இருப்பாராம். பிள்ளையின் முதுகு கண்ணுக்கு முன்னால் இல்லாமல் மேடத்துக்கு மேட்ச் பார்க்க ஏலவில்லையாம்.

"பேசத் தேவையில்ல. திரும்பாம மட்டும் இரு. கோல் போட்டா ரெண்டு கையையும் தூக்கு. இத செஞ்சா மேடம் எனக்கு லீவு குடுப்பாங்க."

லீவு என்ற சொல்லுக்கு மேல் எங்கள் வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை.

தோட்டத்தில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் ஒன்றே ஒன்றுதான்: கொழுந்து நிறுக்கும் மடுவம். மேலே தகரம், மூன்று பக்கம் அரைச்சுவர், நாலாவது பக்கம் இரண்டு சிமெண்டுப் படிகள். படிக்குக் கீழே தேயிலைச் சரிவு, அதற்கும் கீழே பள்ளத்தாக்கு. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மடுவத்தில் ஆள் இருக்காது. கடைசி நிறுவை முடிந்து லொறி போயிருக்கும். பள்ளத்திலிருந்து மிஸ்ட் எழும்பி வந்துகொண்டிருக்கும். எதிர்மலை இல்லாமல் போகும், பிறகு சரிவு இல்லாமல் போகும், பிறகு படிக்குக் கீழே எதுவுமே இருக்காது.

முதல் சனிக்கிழமை அப்பா போனைத் தராசு மேசையில் ஒரு படிக்கல்லில் சாய்த்து வைத்தார். நான் தொப்பியைக் காது மறையும்வரை இழுத்துவிட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்தேன். எனக்கு முன்னால் வெறும் வெள்ளை. பின்னால், முதலில் ஒரு இரைச்சல் கேட்டது, அடுத்த மலையில் மழை இறங்கி வருவது போல. அது மழையல்ல. ஆயிரக்கணக்கான ஆண்கள் சேர்ந்து பாடினார்கள். என்ன பாசை என்று தெரியவில்லை. சின்னப் போனிலிருந்து வந்த அந்தப் பாட்டைத் தகரக் கூரை வாங்கிப் பெரிதாக்கித் திருப்பித் தந்தது. எனக்கு வெகு அருகில், அந்தப் பாட்டுக்கும் இந்தப் பக்கத்தில், யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவருக்காகக் காது கொடுக்கவும் இல்லை. அம்மாவின் சத்தம் ஏதாவது கேட்கிறதா என்றுதான் கவனித்தேன். ஒரு கோப்பை மேசையில் வைக்கப்பட்டது. செருப்புச் சத்தம் வந்து நின்றது. நின்றது திரும்பிப் போகவே இல்லை.

பாதி ஆட்டத்தில் பின்னால் பெரிய கூச்சல். "கையத் தூக்கு," என்று அப்பா சுவருக்கு அப்பாலிருந்து மெதுவாகச் சொன்னார். மிஸ்ட்டைப் பார்த்து இரண்டு கைகளையும் தூக்கினேன். அப்போது பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது சிரிப்புமில்லை, அழுகையுமில்லை. தண்ணீருக்குள் முங்கியிருந்து மேலே வந்தவர்கள் இழுக்கும் முதல் மூச்சு போல இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் மேடம் எழுந்து போய்விடுவார். அம்மா போனை எடுத்து, "முடிஞ்சிச்சி, திரும்பு" என்பாள். ஐந்து நிமிடம் அம்மாவின் முகத்தைப் பார்க்கலாம். அதற்காக நான் அந்தப் படியில் விடியும்வரைகூட உட்கார்ந்திருப்பேன்.

இப்படி ஏழோ எட்டோ சனிக்கிழமைகள் போயின. ஒரு தடவையும் கண்ணால் பார்க்காத ஆட்டத்தில் எனக்குப் பைத்தியம் பிடித்தது. எந்தக் கூச்சல் கோலுக்கு, எது தவறிப்போன பந்துக்கு, எது நடுவருக்கு விழும் ஏச்சு என்று முதுகாலேயே தெரிந்துகொண்டேன். பாட்டுகளின் ராகம் பாடமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் இந்தியா, சிறிலங்கா என்று பிரிந்து நிற்கும்போது நான் இரண்டு பக்கமும் போகாமல் அந்த டீமின் பெயரைச் சொன்னேன். அது எந்த நாடு என்று டீச்சர் கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அப்பா அது அப்படித்தான் என்று சொன்னது போல நானும் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை ஆட்டம் முடிந்த பிறகு அம்மா வேறொரு அறையில் நின்று பேசினாள். சின்னக் கட்டில், சுருக்கமில்லாத விரிப்பு, சுவரில் பச்சைச் சால்வைகள். அதற்குப் பக்கத்தில் ஒரு கொடி. அந்தக் கொடியை எனக்குத் தெரியும். இறக்குவானை டவுனில் நாங்கள் போனுக்கு ரீலோட் போடும் முஸ்லிம் முதலாளியின் கடையிலும் அதே கொடி ஒட்டியிருந்தது. அது பாலஸ்தீனத்துக் கொடி என்று அவர்தான் எனக்குச் சொல்லியிருந்தார். அது எப்படி அங்கே என்று கேட்டேன். அந்தப் பிள்ளை ஒட்டியது என்றாள் அம்மா. அவர்களுடைய ஊர் ஆட்களில் நிறையப் பேருக்கு அந்தச் சனத்தின் மேல் ஒரு பாசம், காணி நிலம் பறிபோன கதை அவர்களுக்கும் இருக்கிறதாம்.

மறுநாள் கடையில் முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் அந்தப் பிள்ளையின் பெயரைக் கேட்டார். சொன்னேன். நாக்கில் வைத்துப் பழகுவது போல இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். "அந்தப் புள்ள நீண்ட ஆயுசோட சொகமா இருக்கணும்னு நான் துஆ கேட்டேன்னு ஒங்க உம்மாகிட்டச் சொல்லுங்க மகள்," என்றார்.

அடுத்த சனிக்கிழமை அதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன். திரை கறுத்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கறுப்புக்குள் அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டிருந்தது. கமராவை விரலால் மூடியிருந்தாள்.

அந்த நாட்களில்தான் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் பேச்சுக் கிளம்பியது. கீழ்ப் பாதையில் விறகோடு வந்த இரண்டு பெண்கள் ஆளில்லாத மடுவத்திலிருந்து பட்டாளம் போல ஆண்கள் பாடுவதைக் கேட்டிருக்கிறார்கள். நிமிர்ந்து பார்த்தபோது படியில் ஒரு உருவம், முகம் பள்ளத்தைப் பார்த்தபடி. அது மெல்ல இரண்டு கைகளையும் தூக்கியிருக்கிறது. விறகைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்களாம். அது நான்தான் என்று தெரிந்த பிறகு பேச்சு குறையவில்லை, கூடியது. லயத்து நாய் அதுவரை என்னோடு மடுவம்வரை வரும். இப்போது பாதை திரும்பும் இடத்திலேயே உட்கார்ந்துகொண்டது. சித்தி கோயிலிலிருந்து கறுப்புக் கயிறு வாங்கி வந்து என் கையில் கட்டினாள். நான் அதைச் சட்டைக் கைக்குள் தள்ளி மறைத்துக்கொண்டேன், மேடத்துக்குத் தெரியக் கூடாதென்று.

கொடகவெலைப் பெண் லீவு முடிந்து திரும்பப் போகும் முன் எங்கள் லயத்துக்கு வந்தாள், அம்மாவுக்கு ஏதாவது கொடுத்தனுப்புவதானால் வாங்கிக்கொள்ள. நான் அந்தச் சட்டையோடு காம்பரா அறையிலிருந்து வெளியே வந்தேன். அவள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். அவள் கொண்டுவந்த பெட்டிதான், ஆனால் உள்ளே என்ன இருந்ததென்று அவளுக்குத் தெரியாது. சித்தியைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். பலகைச் சுவர்தான் நடுவில்.

அந்தப் பிள்ளை படிக்கப் போகவில்லை. இரத்தத்தில் வந்த நோய். மாதக் கணக்கில் ஆஸ்பத்திரியில் இருந்து, மழைக்காலத்துக்கு முன்பே செத்துப்போனது. என்னிலும் ஒரு மாதம் இளையது. கடைசிவரை கூட இருந்து குளிப்பாட்டியதும் ஊட்டியதும் அம்மாதான் என்று அவள் சொன்னாள். அந்த வாக்கியமும் என் காதில் விழுந்தது. ஆனால் செத்துப்போனது என்ற வார்த்தை காதை அடைத்துக்கொண்டு நின்றதில், அது உள்ளே போகவில்லை.

சப்பாத்தைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தேன். மறுநாள் காலை எடுத்து உள்ளே பார்த்தேன். ஐந்து பள்ளமும் ஈரமாக இருந்தன. பனியாகத்தான் இருக்கும்.

சித்தி எல்லாவற்றையும் எரிக்க வேண்டுமென்று நின்றாள். உயிரோடு இருக்கிற பிள்ளைக்கு இழவு வீட்டுத் துணியை மாட்டிவிட்டு, வாரா வாரம் போய் உட்கார வைத்து அதைக் கூப்பிடுகிறோமே மாமா என்று அப்பாவிடம் சண்டை போட்டாள். அப்பா அன்றைக்கே மடுவத்துக்குப் போய் அம்மாவுடன் பேசினார். அவர் பேசியது எனக்குத் தெரியாது. திரும்பி வந்து அடுப்புக்கு முன்னால் வெகு நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, அம்மா வரும் டிக்கட் பேசியாகிவிட்டது, இன்னும் ஒரே ஒரு சனிக்கிழமை என்றார்.

"பயமா இருந்தா வேணாம்," என்றார்.

பயமாகத்தான் இருந்தது. போறேன் என்று சொன்னேன்.

அந்தக் கடைசிச் சனிக்கிழமை மிஸ்ட் நேரத்தோடு வந்துவிட்டது. அப்பா போனை வைத்துவிட்டு, நாய் குரைக்கிறதென்று பாதைத் திருப்பம்வரை போனார். நான் படியில் தனியாக உட்கார்ந்திருந்தேன். பாட்டுத் தொடங்கியது. இத்தனை நாள் கூடவே முணுமுணுத்த பாட்டு அன்று வேறாகக் கேட்டது. அத்தனை ஆண்களும் செத்தவர்கள் என்று தோன்றியது. என் முதுகில் இருந்த எழுத்துகள் நாலும் குளிராக, தனித் தனியாக, தோலில் படிந்திருந்தன. இப்போது அந்தப் பிள்ளை வந்தால் எங்கே வரும் என்று யோசித்தேன். அதனுடைய அம்மா எனக்குப் பின்னால் இருக்கிறார். அதனுடைய சட்டை என் மேல் இருக்கிறது. அப்படியானால் அது எனக்கு முன்னாலிருந்துதான் வர வேண்டும். பள்ளத்திலிருந்து, அந்த வெள்ளைக்குள்ளிருந்து. நான் கண்ணை மூடவில்லை. மூடினால் வந்துவிடும்.

ஆட்டம் முடியப் போகும் நேரம். கூச்சல் அடங்கி ஒரு அமைதி வந்தது. அந்த அமைதியில் யாரோ கூப்பிட்டார்கள்.

"ஓர்லா."

அசையாமல் இருந்தேன். திரும்பக் கூடாது என்பது நன்றாக ஞாபகம் இருந்தது.

"ஓர்லா... கண்ணு. இங்க பாரு, கண்ணு."

அது மேடத்தின் குரல் இல்லை. தமிழில் கூப்பிட்ட குரல். எனக்குக் காய்ச்சல் வந்தால் நெற்றியில் கை வைத்துக்கொண்டு கண்ணு என்று கூப்பிடும் குரல். என் அம்மாவின் குரல்.

திரும்பினேன்.

திரையில் முதல் தடவையாக அந்தச் சோபாவைப் பார்த்தேன். மேடமும் அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வீட்டில் அம்மா சோபாவில் உட்காருவாள் என்று நான் நினைத்ததே இல்லை. இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருந்தார்கள். எது யாருடைய கை என்று தெரியவில்லை. இருவருடைய கண்களும் என் மேல் இருந்தன. மேடத்தின் வாய் திறந்து அப்படியே நின்றது. என்னை நடுங்க வைத்தது அவருடைய முகமில்லை. அம்மா என்னை யாரோ ஒரு பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். திரும்பிய தொப்பிக்குள் அவள் எதிர்பார்த்த முகம் வேறு. ஒரு மூச்சு விடும் நேரம்தான். பிறகு அவளுடைய உதடு பாப்பா என்று குவிந்தது. சத்தம் வருவதற்குள் திரை உறைந்து, இணைப்பு அறுந்தது.

அப்பா ஓடி வந்தபோது நான் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சிக்னல் போய்விட்டதென்று சொன்னேன். யார் என்னை எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்பதை அவரிடமும் சொல்லவில்லை, சித்தியிடமும் சொல்லவில்லை. மறுநாள் கடை முதலாளியிடம் அவர் போனில் பார்க்கச் சொன்னேன். கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றிருந்தார்கள். நான் திரும்பியதால்தான் தோற்றார்கள் என்று எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. அம்மாவின் டிக்கட்டும் அதோடு போயிருக்கும் என்று நினைத்துப் பல நாள் பாயில் குப்புறப் படுத்து அழுதேன்.

டிக்கட் போகவில்லை. மூன்று வாரத்தில் அம்மா வந்தாள். லீவில் இல்லை, ஒரேயடியாக வந்தாள். மேடமே ஏர்போட்வரை வந்து ஏற்றிவிட்டாராம். உன் பிள்ளையிடம் போ என்றாராம். அந்த வீட்டைக் காலி செய்துகொண்டு அவர்களும் தங்கள் நாட்டுக்குப் போகிறார்களாம். அம்மா வருவதற்கு முதல் நாள் சித்தி அந்தச் சட்டையையும் தொப்பியையும் சப்பாத்தையும் ஒரு கல்லோடு சேர்த்துக் கட்டி ஆற்றில் போட்டுவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்திருந்தாள். அம்மா வந்து இரண்டாம் நாள் பச்சைச் சட்டை எங்கே என்று கேட்டாள். எலி கடித்துவிட்டதென்றாள் சித்தி. அம்மா தலையை ஆட்டினாள். மறுபடி கேட்கவில்லை.

என் பெயரை அம்மா கவனமாகச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் சொல்வதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி இருந்தது, கல்லில் கால் வைக்கும் முன் அது ஆடுமா என்று பார்ப்பது போல. கண்ணு என்று மட்டும் கூப்பிடவில்லை. அதை அவள் அங்கேயே கொடுத்துவிட்டு வந்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். செத்துப்போன பிள்ளையின் மேல் எனக்கிருந்த பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடம் என் அம்மாவை வைத்துக்கொண்டது போதாதென்று செத்த பிறகும் விடவில்லையே என்ற கோபம்.

அம்மா வந்த முதல் சனிக்கிழமை. சித்தி பீலிக்குத் தண்ணீருக்குப் போயிருந்தாள். அப்பா தேயிலை ஸ்டோரில் வேலையில் இருந்தார். நான் காம்பராத் தரையில் உட்கார்ந்து வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா எனக்குப் பின்னால் கட்டிலில் இருந்தாள். வெளியே வெளிச்சம் குறைந்து கதவடிவரை மிஸ்ட் வந்து நின்றது. வெகு நேரம் பின்னாலிருந்து எந்தச் சத்தமும் இல்லை. பார்வை மட்டும் என் முதுகில் இருந்தது. அதை எனக்கு நன்றாகத் தெரியும், அத்தனை சனிக்கிழமையும் பழகியது. நான் திரும்பவில்லை. திரும்பினால் கட்டிலில் இருப்பது யாராக இருக்கும் என்ற எண்ணம் வந்துவிட்டது.

"இன்னைக்கி நம்மாளுங்களுக்கு மேட்ச் இருக்கா?" என்று அம்மா கேட்டாள். மிகவும் மெதுவாகக் கேட்டாள்.

இருந்தது. ஆறு மணிக்குத் தொடங்கியிருக்கும். எந்த ஊரில், யாரோடு என்பதுகூட எனக்குத் தெரியும். முதல் நாளே கடையில் கேட்டு வைத்திருந்தேன்.

தெரியாது என்றேன்.

அம்மா சரி என்றாள். கொஞ்ச நேரத்தில் எழுந்து விளக்கைப் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். அதற்குப் பிறகு அந்த டீமைப் பற்றி அவள் என்னிடம் கேட்டதே இல்லை. அப்பாவோடு சேர்ந்து சத்தமில்லாமல் கிரிக்கெட் பார்த்தாள்.

அவளை அந்தப் பிள்ளையிடமிருந்து பிடுங்கிவிட்டேன் என்று அன்று இரவு பெருமையாகத் தூங்கினேன். நோயில் கிடந்த பத்து மாதமும் அம்மா மடியில் வைத்து ஊட்டிய ஒரு பிள்ளை செத்திருந்தது. அதற்காக அழ இங்கே அவளுக்கு உரிமையில்லை. சொன்னால் சித்தி கயிறு கட்டுவாள், அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலைப் பார்ப்பார். இந்த மலை முழுவதிலும் அந்தப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தவள், அந்தப் பாட்டுகளைத் தெரிந்தவள், அந்த டீமுக்காகக் கையைத் தூக்கியவள் நான் ஒருத்திதான். துக்கம் கேட்க ஆளில்லாமல் என்னிடம்தான் வந்தாள் என்பதும், மேட்ச் இருக்கிறதா என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்பதும் எட்டு வயதில் எனக்கு விளங்கவில்லை.